சால்மன் நிறம் இருபத்தேழு

ஏழு வருஷக் கணினி
செவ்வாய்க்கிழமை ஒரு நீலத் திரை காட்டிவிட்டுப்
போய்ச் சேர்ந்தது.
கடைசி மாதங்களில் அதன் விசிறி
துறைமுகத்தில் கிளம்பத் தயங்கும் படகுபோல
இரைந்துகொண்டேயிருந்தது.
பக்கத்து வீட்டு தோரா சுவரைத் தட்டி
"என்ன, இன்றைக்கும் கடலுக்கா?" என்பாள்.

வெள்ளிக்கிழமைக்குள் நாலாயிரம் மீன் படங்கள்.
பண்ணைக்காரர்கள் கறாரானவர்கள்.
சால்மன் சதைக்கென்று எண் போட்ட வண்ண அட்டை உண்டு,
வெளிறிய இருபதிலிருந்து சிவந்த முப்பத்துநாலு வரை
சீட்டுக்கட்டுபோல விரியும்.
எங்கள் மீன் இருபத்தேழு.
படத்திலும் இருபத்தேழாக இருக்கவேண்டும்.
இருபத்தாறென்றால் நோஞ்சான்,
இருபத்தெட்டென்றால் சாயம் ஏற்றியது என்று
லியோன் நகரத்து வியாபாரி போன் செய்வார்.

அட்டையைக் கோட்டுப்பையில் போட்டுக்கொண்டு
கிளக்ஸ்விக்கிலிருந்து டோர்ஷவுனுக்குப் பஸ் பிடித்தேன்.
கடலுக்கடியில் சுரங்கம்,
சுரங்கத்துக்குள் ரவுண்டானா,
ரவுண்டானாவின் பாறைக்கு நீலமும் பச்சையுமாய் வெளிச்சம்.
அதைக் கடக்கும்வரை எல்லோருக்கும் ஒரே முகநிறம்.
ஒருவரும் புகார் சொல்லவில்லை.

கடையில் ஹொக்னி
இரண்டையும் தோளோடு தோள் நிறுத்தினான்.
மேக். விண்டோஸ்.
ஒரே மீன், ஒரே கோப்பு.
அட்டையை நீட்டிப் பார்த்தேன்:
மேக்கில் இருபத்தெட்டு, விண்டோஸில் இருபத்தாறு.
"எது சரி?"
"இரண்டும்தான்" என்றான்,
இரண்டையும் விற்பவன்.

மேக்கில் செய்த தப்பைத் திரும்பப்பெறக்
கட்டைவிரல் வேண்டுமாம்.
என் சுண்டுவிரல் இருபது வருஷப் பழக்கத்தில்
தனியாகப் போய்
ஒன்றும் நடக்காத ஒரு சாவியை அழுத்தியது.
தப்பு அப்படியே நின்றது.

பையில் இன்னொன்றும் இருந்தது.
எய்யுன் ஆர்ஹூஸுக்குப் போனபோது விட்டுப்போன வட்டு,
அவனுடைய மேக்கில் நிரப்பியது.
மூன்று வருஷமாய், செருகிய ஒவ்வொரு தடவையும்
என் கணினி மரியாதையாகக் கேட்கும்:
இதைப் பயன்படுத்த ஃபார்மட் செய்தாக வேண்டும்.
செய்யட்டுமா?
வேண்டாம் என்பேன்.
பிடுங்கி, காலுறைகளுக்கு அடியில் வைப்பேன்.
இன்னொரு ராத்திரி மறுபடி செருகுவேன்,
மனசு மாறியிருக்குமோ என்று.
கணினிக்கு.

மேக்கில் அது சட்டென்று திறந்துகொண்டது.
ஹொக்னி நாசூக்காக பிரிண்டர்கள் பக்கம் நகர்ந்தான்.

பதினோராயிரம் படங்கள்.
செம்மறி. செம்மறி. பனிமூட்டம்.
பனிமூட்டத்துக்குள் செம்மறியாக இருக்கக்கூடிய ஏதோ ஒன்று.
விற்கப்போன படகு எஞ்சின், நாற்பத்துமூன்று கோணங்களில்;
போல்ட்டுகளுக்குக்கூட நிழல் திருத்தியிருந்தான்.
நான் மூன்றில் இருந்தேன்.
இரண்டில் மூக்குக்கண்ணாடி துடைக்கிறேன்.
மூன்றாவதில், யாருடையதோ ஒரு சிவப்புக் கோட்டுக்குப் பின்னால்
பாதி முகம்.
கோட்டு அருமையாக வந்திருந்தது.

சிரித்துவிட்டேன் போலிருக்கிறது,
ஹொக்னி திரும்பி வந்தான்.
"அப்போ மேக்தானே?"

விண்டோஸ் என்றேன்.
நினைவகத்தைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம்,
மிச்சப் பணத்துக்கு
நிறம் அளக்கும் கருவி ஒன்று வரும்.

ராத்திரி அந்தக் கருவி
பாறையில் ஒட்டிய நத்தைபோல் திரைமேல் உட்கார்ந்து
சிவப்பை, பச்சையை, நீலத்தை,
பிறகு வெகுநேரம் சாம்பல்களை
ஒவ்வொன்றாக மென்று முடித்தது.
அட்டையை நீட்டினேன்.
இருபத்தேழு.
விளக்கைத் தள்ளி வைத்தால் இருபத்தாறரை.
அட்டையில் அரை கிடையாது.

நாலாயிரம் மீன்களுக்கு இடம் பற்றவில்லை.
வட்டைச் செருகினேன்.
புதுக் கணினி. அதே மரியாதை, அதே கேள்வி.

செய் என்றேன்.
விரைவு முறை என்று ஒன்று இருந்தது,
அதையும் தேர்ந்தேன்.

முடிந்துவிட்டது என்று அது சொன்னபோது
அடுப்படியில் கெட்டில்
இன்னும் முனகவே ஆரம்பிக்கவில்லை.